வன்னியிற் பிள்ளைப்பேறு

எப்போது பிள்ளை பெறுவது, எத்தனை பெறுவது, பெறாவிடில் என் செய்வது என்னும் கேள்விகளை இக்காலத்துத் தம்பதிகள் தமக்குள்ளே பேசித் தீர்க்கத்தக்க இல்லறக் காரியங்களாகவே கருதுகிறார்கள். வைத்தியரும் அவ்வாறே கருதி ஆலோசனை சொல்லுகிறார். ஆனையிறவுக்குத் தெற்கே காடும் குளமும் வயலுமாய் விரிந்து, இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எனப் பிரிந்து நிற்கும் வன்னிப் பெருநிலத்தின் சென்ற நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியை மாத்திரம் கையிற் பிடித்துக்கொண்டு வாசிக்கப் புகுவோமாயின், அத்தீர்மானம் புருஷனுக்கும் மனைவிக்கும் உரியதாய் இருந்த காலம் மிகச் சொற்பமென்பதும், காய்ச்சலும் காணிச் சட்டமும் யுத்தமும் அரசாங்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன என்பதும் புலனாகும். வன்னியைப் பற்றி எழுதினோர் வன்னியரின் வீரத்தை எழுதினார்கள். 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை எழுதினார்கள். குளங்களின் கட்டுகளைக்கூட அளந்து எழுதினார்கள். அக்கட்டுகளின் கீழிருந்த குடிசைகளில் எந்தப் பிள்ளை தரித்தது, எது தரியாமற் போயிற்று என்பது அவர்களுக்குச் சரித்திரமாகத் தோன்றவில்லை.

ஓரளவுக்கேனும் அதைத் தொட்டவர் ஓர் ஆங்கில உத்தியோகத்தர். ஜே. பி. லூயிஸ் என்பவர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் நிருவாகத்தின் பொருட்டு எழுதப்பட்டதே. ஆயினும் கைவிடப்பட்ட ஊர்கள், தூர்ந்து போன குளங்கள், நோயால் மெலிந்த குடிகள் என்று அது சொல்லிக்கொண்டு போகும் விவரங்களைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு, அக்காலத்து வன்னி பிறப்பினாற் பெருகும் நாடாக இருக்கவில்லை என்பது விளங்காமற் போகாது. அதற்கு முதற்காரணம் காய்ச்சல். மழை பெய்து குளம் நிரம்பிப் பின் வற்றத் தொடங்குங் காலத்தில், ஆற்றுப் பள்ளங்களிலும் கால்நடைகளின் குளம்படிகளிலும் தேங்கிய நீரில் நுளம்பு பெருகி, ஊர் முழுவதையும் குளிரில் நடுங்க வைக்கும் அந்த மலேரியாக் காய்ச்சல், மற்றெவரையும் விடக் கர்ப்பிணிகளையே, அவர்களுள்ளும் முதன்முறை கருவுற்ற இளம்பெண்களையே, கடுமையாகப் பிடிக்கும் இயல்புடையது என்பதை இன்றைய வைத்திய சாஸ்திரம் அறிந்திருக்கிறது. கரு கலைதல், பிள்ளை இறந்து பிறத்தல், உயிரோடு பிறந்தாலும் நிறை குறைந்து பிறத்தல் ஆகிய யாவும் அதன் விளைவுகள். அன்றைய வன்னிப் பெண்ணோ முதற் பிள்ளை தங்காமைக்குக் காத்தானையும் பேயையும் பூர்வ ஜன்ம வினையையும் காரணமாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள்.

காய்ச்சலோடு கூடி வந்தது பறங்கிப்புண். இந்நோயைப் பற்றி விசாரித்து 1881இல் ஓர் அறிக்கை எழுதிய டாக்டர் கின்சி, நல்ல தண்ணீரும் போதிய உணவும் இல்லாத உள்நாட்டுக் கிராமங்களையே அதன் இருப்பிடமாகக் கண்டார். தப்பிப் பிறந்த குழந்தை தத்தித் திரியும் பருவத்தில் உடம்பெல்லாம் புண்ணாகி நிற்பது வன்னிக்கும் அதற்குத் தெற்கேயுள்ள காட்டு நாடுகளுக்கும் பொதுவான காட்சியாயிற்று. ஆகவே, எத்தனை பிள்ளை வேண்டும் என்று எண்ணுதற்கு அங்கே இடமிருக்கவில்லை. தங்குகிற மட்டும் பெறுவதே வழக்கம். எத்தனை தங்கும் என்பது தெய்வத்தின் பொறுப்பு.

அப்பொறுப்பை ஏற்ற தெய்வங்கள் வன்னியிற் பல. புதூரிலும் புளியம்பொக்கணையிலும் கோயில் கொண்ட நாகதம்பிரான், பிள்ளையில்லாக் குறைக்கு நாகதோஷத்தைக் காரணம் காட்டும் நம்பிக்கையின் வழியாகப் பிள்ளை வரத்துக்கு அதிபதியானார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் அம்மை முதலிய வெப்பு நோய்களினின்றும் பிள்ளைகளைக் காப்பவள். வைகாசிப் பொங்கலுக்குச் செல்லும் பெண்களின் நேர்த்திகளுள் பெறுவதற்கு வைத்தவை பாதியென்றால், பெற்றதைக் காப்பதற்கு வைத்தவை மறுபாதி. மடு மாதாவின் சந்நிதியிலோ சைவரும் கத்தோலிக்கரும் என்ற பேதமின்றிப் பிள்ளை வரம் வேண்டுவோர் கூடினர். இரண்டு மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் கோயிலுக்கோ அயலாளுக்கோ விற்றுத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கும் தமிழ் நாட்டு வழக்கமும், அப்பிள்ளைக்குப் பிச்சை என்றோ குப்பை என்றோ பெயரிட்டு யமனின் கண்ணுக்கு அற்பமாகக் காட்டும் வழக்கமும், இந்த அச்சத்திற் பிறந்தவையே. இன்றைக்கும் குழப்படி செய்யும் பேரனைப் பார்த்து, “உன்னைத் தவிட்டுக்கெல்லோ வாங்கினது” என்று பகிடி பண்ணும் பாட்டிமார், அந்தப் பகிடிக்கு அடியில் எத்தனை சிறு பிரேதங்கள் புதைந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரசவம் நடந்த இடம் வீடு. நடத்தியவள் ஊர் மருத்துவிச்சி. வயிற்றைத் தடவிப் பிள்ளை கிடக்கும் கிடையைச் சொல்லவும், தலை திரும்பாவிடில் எண்ணெய் பூசித் திருப்ப முயலவும், பிள்ளை விழுந்தபின் கொத்தி என்னும் பேய் தாயையும் சேயையும் தீண்டாதபடி விரட்டவும், காயச் சரக்கு அரைத்துக் கொடுத்து, வேது நீர் வார்த்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பத்தியங் காக்கவும் அவள் அறிவாள். அவளுடைய அறிவை முற்றிலும் இகழ்வது நியாயமன்று. பெரும்பாலான பிரசவங்கள் தாமாகவே நன்றாக முடிவன, அவற்றுக்கு வேண்டியது பொறுமையும் தைரியமும் தரும் ஒரு கைதான். ஆனால் உதிரம் நில்லாமற் போனபோதும், பிள்ளை குறுக்கே கிடந்தபோதும் அவளால் ஆவது ஒன்றுமில்லை. ஆனையிறவுக்கு வடக்கே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1850களிலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழிற் பெயர்த்து மாணவர்க்குப் போதித்தார். இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் எழுந்தது. வன்னியின் நடுக்காட்டுக் கிராமத்திலிருந்து அங்கே செல்வதற்கு மாட்டு வண்டியில் நாட்கணக்காகும் என்பதால், அந்த வித்தை அயலிலிருந்தும் வன்னிப் பெண்ணுக்கு எட்டவில்லை.

பிள்ளையே இல்லாதவருக்கு மற்றொரு வழி இருந்தது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்காறுகளைத் திரட்டி 1707இல் எழுதிமுடித்த தேசவழமை, சுவீகாரத்தைப் பற்றிச் சொல்லும் பகுதி மிகவும் ஊன்றி நோக்கத்தக்கது. பிள்ளையில்லாத தம்பதி பிறர் பிள்ளையை எடுத்து வளர்த்துத் தம் முதுசத்துக்கு உரித்தாளியாக்க விரும்பினால், முதலில் தம் சகோதரரின் சம்மதத்தைப் பெற வேண்டும். சகோதரர் இல்லையேல், பிள்ளையற்று இறந்தாற் சொத்தைப் பெறக்கூடிய அண்மைச் சுற்றத்தாரின் சம்மதத்தைப் பெற வேண்டும். பின் ஊரவர் சாட்சியாய் நிற்க, பிள்ளையைக் கொடுக்கும் தாய் தந்தையரும் அச்சுற்றத்தாரும் மஞ்சள் நீரில் விரலைத் தோய்க்க, அந்நீரை எடுத்து வளர்ப்பவர் பருகுவர். பிள்ளை அவர்களுடையதாயிற்று. சம்மதியாதவர் ஒருவர் இருந்து விரல் தோய்க்க மறுத்தாலும் சுவீகாரம் நின்றுவிடுவதில்லை. அவருக்கு உரிய பாகம் மட்டும் பிள்ளைக்குச் சேராமல் அவருக்கே நிற்கும். ஒரு பிள்ளையின் தலைவிதி ஒரு கிண்ண நீரில் எத்தனை விரல் தோய்ந்தது என்பதைப் பொறுத்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. இச்சட்டத்தின் நோக்கு பிள்ளையின் மேலன்று, முதுசத்தின் மேலேயே என்று குறை கூறலாம். கூறுவோர் அதில் உள்ள ஒரு நேர்மையையும் காண வேண்டும். தாயாவதும் தந்தையாவதும் இருவரின் அந்தரங்கம் என்று அது பாசாங்கு செய்யவில்லை. யாருடைய நலன்கள் அத்தீர்மானத்திற் கலந்திருக்கின்றனவோ அவர்களையெல்லாம் வெளிச்சத்தில் அழைத்து, கிண்ணத்தைச் சுற்றி நிறுத்தியது. பின்வந்த அதிகாரங்கள் எதுவும் இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொள்ளவில்லை.

தேசவழமை எழுதப்பட்ட காலத்தில் வன்னி, யானைகளைத் திறையாகக் கொடுத்துத் தம்மிஷ்டப்படி ஆண்ட வன்னியர்களின் கீழிருந்தது; 1833இல் மாகாணங்கள் வகுக்கப்பட்டபோது வட மாகாணத்தோடு சேர்ந்து, யாழ்ப்பாணத்துச் சட்ட மரபின் கீழ் வந்தது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் சுவீகாரக் கட்டளைச் சட்டம் வந்தபின், மஞ்சள் நீரின் இடத்தை நீதிமன்றக் கட்டளை பிடித்துக்கொண்டது. எழுதாமலே வளர்க்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அக்காளின் ஐந்து பிள்ளைகளில் ஒன்று தங்கச்சி வீட்டில் வளர்வதும், சின்னம்மாவை அம்மா என்றும் பெற்றவளைப் பெரியம்மா என்றும் அழைப்பதும் வன்னிக் குடும்பங்களில் நீதவானைக் கேட்டு நடப்பவையல்ல.

விவாக வயதைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிப் போக வேண்டும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி இந்நாட்டுப் பெண்ணுக்கு விவாக வயது 12. ஐரோப்பியர் அல்லது பறங்கியரின் மகளானால் 14. சுதேசப் பெண் இரண்டு வருஷம் முந்தியே தாயாகலாம் என்று எந்தச் சாஸ்திரத்தைக் கொண்டு முடிவு செய்தார்களோ! அவ்விதி 1995இல்தான் மாறி, அச்சட்டத்தின் கீழ் விவாகம் செய்வோர் எல்லார்க்கும் 18 ஆயிற்று. நல்ல வேளையாக மக்கள் சட்டத்துக்கு முந்திக்கொண்டார்கள். இலங்கைப் பெண்களின் சராசரி விவாக வயது 1901இல் 18.3 ஆக இருந்து 1971இல் 23.5 ஆக உயர்ந்தது. இத்தீவிற் பிறப்பு விகிதம் குறையத் தொடங்கியதற்கு மாத்திரைகளுக்கு முன்னரே வழிவகுத்தது பிந்திய விவாகமே. சீதனம் சேர்க்கும் வரை குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்திருந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாரும் தம்மையறியாமலே அதற்கு உபகாரம் செய்தவர்கள்.

வன்னியின் சரித்திரத்தைப் பின்புறமாகத் திருப்பி வைத்தவை இரண்டு. ஒன்று டி.டி.டி. மருந்து. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தவுடன் வீடு வீடாக அது தெளிக்கப்பட்டபோது, இலங்கை முழுவதிலும் ஆயிரம் பிறப்புக்கு 141 ஆக இருந்த சிசு மரணம் 1946க்கும் 1947க்கும் இடையே, ஒரே வருஷத்தில், 101 ஆகக் குறைந்தது. கொயினாவும் ஆஸ்பத்திரிகளும் உணவு மானியமும் அதற்குத் துணை நின்றன என்று அறிஞர் வாதிடுவர். எவ்வாறாயினும், காய்ச்சல் நாடுகளில் அந்த வீழ்ச்சி பெரிதாயிருந்தது. மற்றொன்று குடியேற்றம். 1920இற் கட்டி முடிந்த இரணைமடுக் குளத்தின் கீழ் 1930களிற் கிளிநொச்சிக் குடியேற்றம் எழுந்தது; பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று திட்டங்கள் தொடர்ந்தன. யாழ்ப்பாணத்தின் நெருக்கமான ஊர்களிலும் தீவகத்திலுமிருந்து காணியற்றோர் வந்து காடு வெட்டினார்கள்.

இக்குடியேற்றங்களுக்கும் நம் விஷயத்துக்கும் உள்ள சம்பந்தம் பலரால் கவனிக்கப்படாதது. காணிக் கச்சேரியில் அரசாங்க அதிபர் முன்னிலையில் விண்ணப்பகாரர் வரிசையாக நிற்க, யாருக்குக் காணி கொடுப்பது என்று தீர்மானிக்கையிற் கவனித்த சங்கதிகளுள் ஒன்று, காணியின்மையோடு, பிள்ளைகளின் தொகை. பெரிய குடும்பக்காரனுக்கு முதலிடம். பி. எச். ஃபார்மர் என்னும் புவியியலறிஞர் 1957இல் இலங்கைக் குடியேற்றங்களைப் பற்றி எழுதிய நூல் இத்தெரிவு முறைகளை விரிவாக ஆராய்கிறது. நாலு பிள்ளைக்காரனை விட ஆறு பிள்ளைக்காரன் காணிக்கு அருகில் நின்றான். காடு வெட்டவும் நாற்று நடவும் பன்றிக்குக் காவல் இருக்கவும் ஆறு பிள்ளைகள் ஆறு கூலியாட்கள். இந்த அளவில் அரசாங்கமே பிள்ளைகளுக்கு வெகுமதி கொடுத்ததென்று கூறலாம். ஆனால் அதே அரசாங்கம் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், கொடுத்த காணி துண்டுபடக் கூடாதென்று கருதி, பெர்மிட்டுக்குப் பின்னுரித்தாளியாக ஒருவரையே நியமிக்கும் முறையை வைத்தது. நியமியாமல் இறந்தால், மூன்றாம் அட்டவணைப்படி மகனுக்கு முதலுரிமை, மகளுக்கு அதன் பின். ஒத்த நிலையினருள் மூத்தவர் முந்துவர். ஆக, ஆறு பிள்ளைகளைக் காட்டி வாங்கிய மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் ஒரு பிள்ளைக்கே சேர்ந்தன; ஐந்து பிள்ளைகள் அடுத்த காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றனர். பிள்ளை பெறுதலைத் தூண்டும் விதியையும் அதனைத் தண்டிக்கும் விதியையும் ஒரே கந்தோர் ஒரே கோப்பில் வைத்திருந்தது என்பதை நான் இத்தேசத்தின் நிருவாக விநோதங்களுள் தலையாயதாகக் கருதுகிறேன். முதுசத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சீதனமாகவும் உரித்தாகவும் பகிர்ந்து பழகிய தமிழருக்கு இவ்விதி மிகவும் அந்நியமாயிருந்தது. எழுதாமலே வயலைப் பிரித்துக்கொண்டு, வரம்பு போட்டு உழுதார்கள். மகனை மகளுக்கு முன் வைத்த அந்த அட்டவணையைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு 2022ஆம் ஆண்டு வரை பிடித்தது.

இதற்கிடையே, தென்னிலங்கையில் வேறொரு பேச்சு எழுந்திருந்தது. கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பில் வைத்தியம் செய்த மேரி இரத்தினம் அம்மையார், 1930களிலேயே கர்ப்பத் தடையைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசத் துணிந்து ஏச்சு வாங்கியவர். அவரும் சில்வியா பெர்னாண்டோ முதலிய பெண்களும் முன்னின்று தொடங்கிய குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் உருவாயிற்று. 1965 முதல் அரசாங்கம் இவ்வேலையைத் தாய் சேய் நலச் சேவையோடு சேர்த்துக் குடும்பநல உத்தியோகத்தரின் கையிற் கொடுத்தது. வன்னியில் அவரை மிட்வைஃப் அக்கா என்பார்கள். சைக்கிளில் குளக்கட்டு வழியே வந்து, தகுதியுள்ள தம்பதிகளைப் பதிவேட்டில் எழுதி, கர்ப்பிணியைக் கிளினிக்குக்கு வரச் சொல்லி, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் இனி என்ன உத்தேசம் என்று மெல்லக் கேட்டுப் போகும் அந்தப் பெண்தான், பிள்ளைப்பேறு தீர்மானித்துச் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ற எண்ணத்தை வன்னியின் வாசல்களுக்கு முதன்முதற் கொண்டுவந்தவள். 1973இல் பிரீத்தி என்ற பெயருடன் ஆணுறையும், பின்னர் மிதுரி என்ற பெயருடன் மாத்திரையும் கடைகளுக்கு வந்தன. லூப் வைத்துக்கொள்வோரும் மெல்லத் தோன்றினர். மாமியார் அறியாமற் கிளினிக்குக்குப் போய் வந்த மருமகள்மார் பலர். அத்தகைய இரகசியங்களுள் மிட்வைஃப் அக்கா ஒருபோதும் வெளியிடாதவை அவளுடைய உத்தியோகத்தின் உண்மையான மூலதனம்.

அந்த நல்ல காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1980இற் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் காசு கொடுக்கத் தொடங்கி, அத்தொகையை 500 ரூபாய்வரை உயர்த்தியது. வறியவளுக்கு அது ஒரு மாதச் சோறு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடிவந்து, வவுனியாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த காந்தீயம் போன்ற அமைப்புகளின் துணையுடன் காட்டோரங்களிற் குடியேறிய குடும்பங்களிற் பல பெண்கள், தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் அவ்விதச் சிகிச்சையை ஏற்கெனவே கண்டவர்கள். இனத்துக்கு இனம் தலை எண்ணிச் சந்தேகிக்கும் காலம் பிறந்துவிட்டபடியால், குடும்பத் திட்டம் என்றாலே தமிழரைக் குறைக்கும் திட்டமோ என்ற ஐயம் படித்தவரிடையேயும் பரவிற்று. காந்தீயத்தை நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். அவர் வைத்த பாலர் பள்ளிகளும் மூடுண்டன.

யுத்த காலத்தைச் சுருக்கியே சொல்லலாம்; பிறர் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். விடுதலைப் புலிகள் தொடக்கத்தில் தம் போராளிகளுக்கு விவாகத்தையே விலக்கியிருந்தனர். 1984இல் தலைவர் விவாகம் செய்துகொண்டபின் விலக்குத் தளர்ந்து, வயதும் சேவைக் காலமும் பார்த்து அனுமதி கொடுக்கும் முறை வந்தது. அதாவது, எப்போது தாயாவது என்பது இயக்கத்தின் அனுமதிச் சீட்டில் எழுதப்பட்டது. தாய் தந்தையரை இழந்த பெண் பிள்ளைகளுக்காக 1991இற் செஞ்சோலை இல்லம் தொடங்கிற்று. அங்கே பெற்றோர் என்ற ஸ்தானத்தையே இயக்கம் ஏற்றது. 1990 முதல் 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கை வரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடையிருந்த வன்னியில், சிக்கலான பிரசவத்துக்குத் தாயை ஏற்றிச் செல்ல வாகனம் கிடைத்தால் அதற்கு மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையிற் பல வீடுகளைப் பிள்ளையற்றவை ஆக்கியது. அதே அலையிற் பிள்ளைகளை இழந்த நாகப்பட்டினத்துத் தாய்மாருக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் கருத்தடையை நீக்கும் சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்வித்தது.

2006இல் யுத்தம் மீண்டு, வீட்டுக்கு ஒருவர் இயக்கத்திற் சேர வேண்டும் என்ற கட்டாயம் இறுகியபோது, கலியாணம் கட்டினவர்களைப் பிடிப்பதில்லை என்ற முந்திய விலக்கை நம்பி, வன்னியின் தாய் தகப்பன்மார் பதினாறும் பதினேழும் வயதான தம் பிள்ளைகளை அவசரமாகச் சோடி சேர்த்தார்கள். நாள் பார்க்கவில்லை, சீதனம் பேசவில்லை, பதிவும் செய்யவில்லை. பலருக்குத் தாலியே மஞ்சட் கயிறு. வயிற்றிற் பிள்ளை இருப்பது எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி என்பதால், அந்தப் பிள்ளைகள் விரைவில் உண்டாயினர். பிள்ளையைக் காப்பதற்காகப் பிள்ளையே பிள்ளை பெற்ற அக்காலத்தை, பால்ய விவாகம் என்ற ஒரே பெயரால் அழைத்துக் கண்டிப்போர், அப்பெற்றோரின் முன் வேறெந்த வழி திறந்திருந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். பின்னர் அந்த விலக்கும் பயன்படவில்லை. 2009இன் முதல் ஐந்து மாதங்களில், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கர்களுக்குள் வலி கண்டவர்களுள் இவ்வாறு தாயான சிறுமியரும் இருந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் பெப்ரவரி முதல் மே வரை அக்கரையிலிருந்து ஏற்றிச் சென்ற ஏறத்தாழ 14,000 பேருட் சேர முடிந்தோர் பாக்கியசாலிகள். தப்பியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிற் கூடாரத்துக்குள் பிள்ளையைத் தாலாட்டினார்கள். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

யுத்தம் முடிந்தபின் தீர்மானம் தம்பதிகளிடம் திரும்பியிருக்க வேண்டும். 2013 ஆகஸ்ட் 31ஆந் தேதி கிளிநொச்சி மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களான வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றின் பெண்கள், பிள்ளைகளின் நிறை பார்க்கவென்று அழைக்கப்பட்டுச் சென்ற இடத்தில், தமக்கு ஐந்தாண்டு பலன் தரும் கர்ப்பத் தடைக் குச்சிகள் போதிய விளக்கமின்றியும் நிர்ப்பந்தத்தாலும் கையில் வைக்கப்பட்டன என்று முறையிட்டார்கள். சுகாதாரப் பகுதியார் நிர்ப்பந்தம் எதுவும் இல்லையென்று மறுத்தனர். குச்சியில் குறை ஒன்றுமில்லை. உலகெங்கும் பெண்கள் விரும்பி வைத்துக்கொள்ளும் நல்ல சாதனம் அது. விரும்பிக் கேட்கக்கூடிய ஒன்றைக் கேளாமற் கொடுப்பதாற் கெடுவது, மிட்வைஃப் அக்கா அரை நூற்றாண்டு சைக்கிள் மிதித்துச் சேர்த்த நம்பிக்கை.

அவ்வாறு தடுக்கப்படாமலே தாய்மை நின்றுபோனவர்களும் உளர். கணவன் சரணடைந்தான், பின் காணவில்லை. அவன் இறந்தான் என்று அவள் ஒப்புக்கொண்டால் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும், 2010ஆம் ஆண்டின் விசேஷச் சட்டம் அதற்கு வழிசெய்தது. ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்களுக்காக 2016இற் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2009இல் இருபத்தைந்து வயதாயிருந்து, ஒரு பிள்ளையோடோ பிள்ளையின்றியோ காத்திருக்கத் தொடங்கிய பெண்ணுக்குப் பிள்ளை பெறும் வயது அந்தக் காத்திருப்பிலேயே கழிந்துவிட்டது. மறுவிவாகம் செய்யலாமே என்பார்க்கு, கணவனின் பெர்மிட் காணியில் மனைவிக்குரிய சீவிய உரித்து மறுவிவாகத்தோடு நீங்கும் என்ற விதியை நினைவூட்ட வேண்டும். 2017 பெப்ரவரி 20ஆந் தேதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றிலிற் காணாமற்போனோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்திற் பெற்ற பிள்ளையைக் கேட்கும் தாய்மார் முன்வரிசையில் இருந்தபடியால், பெறாமற் போன பிள்ளைகளைப் பற்றி எவரும் பேசவில்லை.

தொகைக் கணக்கைப் பார்ப்போம். முல்லைத்தீவு மாவட்டத்தில் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 77,189 பேர் இருந்தனர். அதற்குப்பின் முழுமையாக எண்ணியது 2012இல். அப்போது 92,238 பேர். முப்பத்தொரு வருஷங்களில் இலங்கை முழுவதும் ஒரு கோடியே நாற்பத்தெட்டு இலட்சத்திலிருந்து இரண்டு கோடிக்கு மேற் சென்றது; முல்லைத்தீவு பதினையாயிரத்தால் உயர்ந்தது. இடையில் எத்தனை பேர் பிறந்தனர், இறந்தனர், கடல் கடந்தனர் என்பதை இவ்விரண்டு எண்களும் சொல்லா. இன்னும் ஒரு குறை இதனிலும் பெரிது. பெண்களிடம் நேரிற் சென்று, நீங்கள் எத்தனை பிள்ளைகளை விரும்பினீர்கள், எப்போது விரும்பினீர்கள், கடைசிப் பிள்ளை வேண்டிப் பெற்றதா வேண்டாமற் பெற்றதா என்று கேட்டு எழுதும் குடிசன சுகாதார ஆய்வு இலங்கையில் 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் நடந்தபோது வடக்கும் கிழக்கும் விலக்கப்பட்டன. 2006-07இல் வட மாகாணம் விலக்கப்பட்டது. 25 மாவட்டங்களிலும் அவ்வாய்வு நடந்தது 2016ஆம் ஆண்டிலேதான்; வன்னிப் பெண் அவ்வாய்வின் கேள்விகளுக்கு விடை சொன்னதும் அந்த ஆண்டிலேதான்.